காய்ச்சல் போன பிறகும் போகாத அசதி: நடந்தால் சரியாகிவிடுமா?

9 பிப்ரவரி 2024, மாலை (கேள்வி)

நவம்பரில் எனக்கு டெங்கு வந்தது. ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்தேன், தட்டணு இறங்கி ஏறியது, வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வயது 27, ஓசூரில் ஷிஃப்ட் வேலை. மூன்று மாதம் ஆகிவிட்டது. ஒரு வாரம் நன்றாக இருக்கிறேன், அடுத்த வாரம் பல் தேய்க்கக் கையைத் தூக்கவே முடியவில்லை. தினமும் ஐந்து கிலோமீட்டர் நடந்தால் உடம்பு தானாகத் தேறும் என்று வீட்டில் சொல்கிறார்கள். மூன்று நாள் நடந்தேன், நன்றாகவே இருந்தது. நான்காம் நாள் படுத்தவன் ஆறு நாள் எழவில்லை. படுத்துக் கிடந்தால் இன்னும் மோசமாகும், விடாமல் நட என்கிறார்கள். நடக்க வேண்டுமா?

9 பிப்ரவரி 2024, இரவு

நடக்காதே தம்பி. குறைந்தது இந்த வாரம் நடக்காதே. நான்காம் நாள் விழுந்ததற்குக் காரணம் நீ நடந்த அந்த மூன்று நாட்கள்தான். விவரமாக நாளை எழுதுகிறேன், எனக்கு இப்போது படுக்கிற நேரம்.

10 பிப்ரவரி 2024

என் கதையைச் சொன்னால்தான் நேற்று ஏன் அப்படி அடித்துச் சொன்னேன் என்று புரியும்.

பாளையங்கோட்டையில் இருக்கிறேன், உயர்நிலைப் பள்ளி ஆசிரியை, வயது 46. மே 2021இல் கொரோனா வந்தது. தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,000 பேருக்குத் தொற்று என்று செய்தி வந்த அதே மாதம். எனக்கு ஆக்ஸிஜன் இறங்கவில்லை, ஆஸ்பத்திரிக்கும் போகவில்லை, வீட்டிலேயே பதினான்கு நாள் தனி அறையில் இருந்துவிட்டு எழுந்துவிட்டேன். ஜூன் மாதம் முழுக்க நன்றாக இருந்தேன். எங்கள் தெருவிலேயே மூன்று பேரைப் பறிகொடுத்த நேரம் அது, உயிரோடு இருப்பதே பெரிய விஷயம் என்றிருந்தது. ஜூலையில் ஒரு நாள் பரணை ஒழித்துச் சுத்தம் செய்தேன். இரண்டு நாள் கழித்துக் காலையில் கண் விழித்தால், உடம்பில் இருந்த ரத்தத்தை யாரோ இறக்கிவிட்டு ஈர மணலைக் கொட்டி நிரப்பியது போல இருந்தது. காய்ச்சல் இல்லை. தொண்டை மட்டும் கரகரவென்று இருந்தது. சீப்பை எடுத்துத் தலை வாரும்போது கை பாதியில் நின்றுவிட்டது.

செப்டம்பர் 1 அன்று 9ஆம் வகுப்பு முதல் 12 வரை பள்ளி திறந்தார்கள். முதல் வாரம் போனேன், இரண்டாம் வாரம் விடுப்பு. மூன்றாம் வாரம் போனேன், அப்புறம் மறுபடியும் விடுப்பு. இப்படியே ஒரு வருடத்துக்கு மேல் ஓடியது. 'டீச்சருக்கு வாரம் விட்டு வாரம் காய்ச்சல்' என்று பிள்ளைகளே பேசிக்கொண்டார்கள்.

புரிய வைத்தது அடுக்களையில் மாட்டியிருந்த மாதக் காலண்டர். பால் கணக்கு எழுதுகிற காலண்டர்தான், படுத்துக் கிடந்த நாட்களில் பால் குறைத்து வாங்கியதால் அதையும் 'படுக்கை' என்று அதிலேயே குறித்து வைத்திருந்தேன். 2022 ஜூலையில் ஒருநாள் பழைய தாள்களைப் புரட்டினேன். ஒவ்வொரு 'படுக்கை'க்கும் ஒன்று அல்லது இரண்டு நாள் முன்னால் ஏதோ ஒன்று இருந்தது. தென்காசியில் ஒரு கல்யாணம், சிலிண்டர் வராத நாளில் விறகு அடுப்பு, பள்ளி ஆண்டு விழா, ஒரு தடவை உட்கார்ந்த இடத்திலேயே மூன்று மணி நேரம் தேர்வுத்தாள் திருத்தியது. அன்றைக்கு அது என்னை ஒன்றும் செய்யவில்லை, மறுநாளும் ஒன்றும் செய்யவில்லை, அதற்கும் அடுத்த நாள் ஆளைச் சாய்த்திருக்கிறது. இடையில் ஒரு நல்ல நாள் இருந்ததால்தான் காரணத்தையும் விளைவையும் ஒரு வருடம் என்னால் சேர்த்துப் பார்க்க முடியவில்லை.

நீ நடந்ததும் இதே கதைதான் என்று எனக்குப் படுகிறது.

11 பிப்ரவரி 2024

ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர் என்னைக் கண்டித்து எழுதியிருக்கிறார், அவர் சொல்வது சரி. அசதி என்றதும் வைரஸ் மேல் பழியைப் போட்டுவிடக் கூடாது, மற்றவற்றை முதலில் பார்த்திருக்க வேண்டும் என்கிறார். நேற்று என் கதையிலேயே மூழ்கி இதை எழுதாமல் விட்டது தவறுதான்.

ஆகவே தம்பி, 'எல்லா டெஸ்டும் நார்மல்' என்று யாராவது சொன்னால் எந்தெந்த டெஸ்ட் என்று கேள். ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்பில் இரும்புச்சத்து எவ்வளவு சேமிப்பில் இருக்கிறது என்று காட்டுவது), தைராய்டு, சர்க்கரை, பி12, வைட்டமின் டி, கல்லீரல், சிறுநீரகம். சாயங்காலக் காய்ச்சல், இருமல், எடை குறைவு இருந்தால் காசநோய்க்கும் பார்க்க வேண்டும். நம் நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு ரத்தசோகை இருப்பதாக 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்கிறது. எனக்கே அப்போது ஹீமோகுளோபின் 9.8தான் இருந்தது. மாத்திரை சாப்பிட்டு 12க்கு வந்தது, மூச்சு வாங்குவது குறைந்தது. 'படுக்கை' நாட்கள் மட்டும் குறையவில்லை. இரண்டும் வேறு வேறு என்று அப்போதுதான் உறுதியாயிற்று. நெஞ்சு வலி, மயங்கி விழுவது, படுத்தால் மூச்சு முட்டுவது இருந்தால் இதையெல்லாம் படித்துக்கொண்டு இருக்காதே, உடனே மருத்துவரிடம் போ.

18 பிப்ரவரி 2024

அசதி என்கிற சொல்லே நம்மைக் கவிழ்க்கிறது. வயலில் நாற்று நட்டு வந்தவருக்கும் அசதிதான், இரவெல்லாம் பஸ்ஸில் வந்தவருக்கும் அசதிதான். அது தூங்கினால் போய்விடும், ஒரு காபியிலும் போகும். நான் சொல்வது தூங்கி எழுந்தாலும் படுக்கும்போது இருந்தது போலவே இருப்பது. கூடவே தொண்டைக் கரகரப்பு, கழுத்தில் நெறி கட்டினது போன்ற வலி, வெளிச்சமும் சத்தமும் ஆகாமல் போவது, வாயில் வரவேண்டிய சொல் வராமல் போவது. ஒரு நாள் கரும்பலகையின் முன்னால் நின்றுகொண்டு 'முக்கோணம்' என்கிற சொல்லைத் தேடினேன், கணக்கு டீச்சர் நான்.

இது மனப்பிரமை இல்லை என்று எனக்குத் தெளிவாகக் காட்டியது இந்த ஜனவரியில் ஆம்ஸ்டர்டாம் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வு. கொரோனாவுக்குப் பின் நீண்ட நாள் அவதிப்படுகிற 25 பேர், நன்றாக இருக்கிற 21 பேர். எல்லோரையும் கால் மணி நேரம் போல உடற்பயிற்சி சைக்கிள் மிதிக்க வைத்திருக்கிறார்கள். மிதிப்பதற்கு ஒரு வாரம் முன்பும் மிதித்த மறுநாளும் தொடையிலிருந்து துளித் தசை எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். நோயாளிகளின் தசை செல்களில் சக்தி உண்டாக்குகிற மைட்டோகாண்ட்ரியா சரியாக வேலை செய்யவில்லை, மிதித்த பிறகு தசையில் சேதமும் கூடியிருக்கிறது. இதயமும் நுரையீரலும் நன்றாகவே இருந்திருக்கின்றன. அதாவது ஈசிஜி, எக்ஸ்ரே எல்லாம் 'நார்மல்' என்று வருகிறவருக்கும் தசைக்குள் கோளாறு இருக்க முடியும். அந்தச் செய்தியைப் படித்த இரவு வெகுநேரம் தூங்காமல் உட்கார்ந்திருந்தேன். மூன்று வருடமாக எத்தனை பேரிடம் எத்தனை விதமாகச் சொல்லிப் பார்த்திருப்பேன்!

19 பிப்ரவரி 2024

என்ன எழுதி வைக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறாய். பெரிய நோட்டெல்லாம் வேண்டாம், அதை எழுதுவதே உன் தெம்பைத் தின்றுவிடும். காலண்டரில் மூன்று விஷயம் போதும்: காலையில் எழும்போது உடம்பு பத்துக்கு எத்தனை, அன்று வழக்கத்துக்கு மேல் செய்தது என்ன, தூக்கம் எத்தனை மணி. படித்தது, கணக்குப் பார்த்தது, சண்டை போட்டது எல்லாமே 'செய்தது'தான். ஆறு வாரம் எழுது.

25 பிப்ரவரி 2024

சாப்பாடு பற்றி நான்கு பேர் கேட்டிருக்கிறார்கள். ஆட்டுக்கால் சூப் குடித்தால் தெம்பு வருமா, நிலவேம்புக் கசாயம் தொடரலாமா என்று.

ஆட்டுக்கால் சூப்பை என் அம்மா நாற்பது நாள் வைத்துக் கொடுத்தார். நன்றாகத்தான் இருந்தது, புரதம் உடம்புக்குத் தேவைதான், குடியுங்கள். அதனால் என் 'படுக்கை' நாட்கள் குறைந்ததா என்றால் குறையவில்லை. நிலவேம்புக் குடிநீர் ஒன்பது சரக்கு சேர்ந்தது. நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, பற்படாகம், சுக்கு, மிளகு. டெங்கு பரவுகிற காலத்தில் அரசே முகாம் போட்டுக் கொடுப்பது காய்ச்சலுக்காக. காய்ச்சல் போய் மாதக்கணக்கான பிறகு அதைத் தினமும் குடிப்பதற்கு எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை. நான் குடித்தேன், கசப்புதான் மிச்சம்.

எனக்கு உண்மையிலேயே கைகொடுத்தது நீராகாரம். சொன்னால் நம்ப மாட்டீர்கள். நின்றால் எனக்குப் படபடப்பு வரும், பள்ளிப் பிரார்த்தனைக் கூட்டத்தில் பத்து நிமிடம் நின்றால் கண் இருட்டும். ஒரு மருத்துவர் என்னைப் படுக்க வைத்து நாடி எண்ணினார், அப்புறம் பத்து நிமிடம் நிற்க வைத்து எண்ணினார். 72 இருந்தது 108 ஆனது. ரத்த அழுத்தம் இறங்காமல் நாடி மட்டும் 30க்கு மேல் ஏறி அங்கேயே நின்றால் அதற்கென்று ஒரு பெயர் இருக்கிறதாம், வைரஸ் காய்ச்சலுக்குப் பின் பலருக்கு வருகிறதாம். தண்ணீரும் உப்பும் கூடுதலாகச் சேர்க்கச் சொன்னார். காலையில் பழைய சோற்றுத் தண்ணீரில் உப்பு போட்டு இரண்டு தம்ளர் குடிக்க ஆரம்பித்தேன். ஒரு மாதத்தில் பிரார்த்தனைக் கூட்டத்தில் நிற்க முடிந்தது. பிரஷரோ சிறுநீரகக் கோளாறோ இருப்பவர்கள் இதைச் செய்யக் கூடாது, உப்பு உங்களுக்கு விஷம்.

3 மார்ச் 2024

மாமியார் 'நடிப்பு' என்று சொல்வதாக ஒரு பெண் எழுதியிருந்தார். மூன்று நாளாக அதற்குப் பதில் எழுத உட்கார்ந்து எழுந்து போனேன். காரணம் இருக்கிறது.

2006இல் எங்கள் பக்கமெல்லாம் சிக்குன்குனியா. அது ஆப்பிரிக்காவில், இன்றைய தான்சானியாவின் தெற்கே 1952இல் முதலில் அடையாளம் கண்ட காய்ச்சல், அந்தப் பெயருக்கே அங்குள்ள மக்கள் மொழியில் வளைந்துபோவது என்றுதான் பொருள். எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருவர் அப்படித்தான் வளைந்து நடந்தார்கள். அம்மாவுக்கும் வந்தது, அப்போது அவருக்கு 52 வயது. காய்ச்சல் ஒரு வாரத்தில் போயிற்று. மூட்டு வலியும் ஓய்ச்சலும் ஒன்றரை வருடம் இருந்தன. ஒரு நாள் எழுந்து மாவாட்டி, இட்லி ஊற்றி, வீடு மெழுகுவார். அப்புறம் நான்கு நாள் சுவரோரம் ஒருக்களித்துப் படுத்திருப்பார். எனக்கு அப்போது 28 வயது, வேலைக்குப் புதிது, வீட்டு வேலை என் தலையில். "நேத்து அம்புட்டு வேலை செஞ்சியேம்மா, இன்னைக்கு மட்டும் என்ன?" என்று கேட்டேன். ஒரு தடவை இல்லை, பல தடவை. அம்மா பதில் சொன்னதே இல்லை.

2021இல் நான் விழுந்தபோது அந்தக் கேள்வியை அவர் என்னிடம் ஒரு முறைகூடக் கேட்கவில்லை. கதவைச் சாத்திவிட்டு, டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு, தண்ணீர்ச் செம்பைக் கை எட்டுகிற இடத்தில் வைத்துவிட்டுப் போவார்.

அந்தப் பெண்ணுக்கு: மாமியாரிடம் வாதாட வேண்டாம், அதற்கும் தெம்பு வேண்டும். வீட்டில் புரிந்துகொள்கிறவர் ஒருவர் இருந்தால் அவரிடம் காலண்டரைக் காட்டுங்கள். என் கணவர் வாயால் சொன்னதை நம்பவில்லை, காலண்டரை நம்பினார்.

4 மார்ச் 2024

'அப்படியானால் வாழ்நாள் முழுக்க இப்படித்தானா' என்று தம்பி கேட்டதற்கு நேற்றே பதில் சொல்லியிருக்க வேண்டும், அம்மா கதையில் விட்டுவிட்டேன்.

இல்லை. ஆஸ்திரேலியாவில் டப்போ என்கிற ஊரில் 253 பேரைக் காய்ச்சல் வந்த நாளிலிருந்து ஒரு வருடம் பின்தொடர்ந்து பார்த்து 2006இல் வெளியிட்டார்கள். மூன்று விதமான தொற்றுகள், அதில் ராஸ் ரிவர் காய்ச்சல் நம் சிக்குன்குனியாவுக்குச் சொந்தக்காரன், கொசுவால் வருவது. ஆறு வாரத்தில் நூற்றுக்கு 35 பேருக்கு அசதி இருந்தது. மூன்று மாதத்தில் 27, ஆறு மாதத்தில் 12, ஒரு வருடத்தில் 9. நீ மூன்று மாதம் தாண்டி இருக்கிறாய். இந்த எண்கள் இறங்கிக்கொண்டே போவதைப் பார். டெங்குவுக்குப் பின் சில வாரம், சிலருக்குச் சில மாதம் அசதி நீள்வது மருத்துவர்கள் பார்த்துப் பழகியதுதான், பெரும்பாலானோர் தேறிவிடுகிறார்கள்.

அந்த ஆய்வில் இன்னொன்றும் உண்டு. யாருக்கு நீள்கிறது என்பதை ஆளின் மனநிலையோ வயதோ தீர்மானிக்கவில்லை, முதலில் வந்த நோய் எவ்வளவு கடுமை என்பதுதான் பெரிதும் தீர்மானித்தது. எனக்கு வந்தது லேசான காய்ச்சல், ஆனாலும் நீண்டது. நான் அந்தக் கணக்குக்குள் அடங்கவில்லை. நீயும் ஏதோ ஒன்றில் அடங்காமல் போகலாம், எண்ணைப் பிடித்துத் தொங்காதே.

22 மார்ச் 2024

தேர்தல் பணி ஆணை வந்துவிட்டது. ஏப்ரல் 19. விலக்குக் கேட்டு மருத்துவச் சான்றோடு போனேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் சான்றைப் படித்துவிட்டு, "மேடம், சோர்வு எங்களுக்கும்தான் இருக்கு" என்றார். வெளியே வேப்பமரத்தடியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தேன்.

28 ஏப்ரல் 2024

ஐந்து வாரம் எழுதவில்லை, பலர் விசாரித்திருந்தீர்கள். போனேன், முடித்தேன், விழுந்தேன், இன்றுதான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முன்கூட்டியே திட்டம் போட்டேன். ஏப்ரல் 10இலிருந்து வீட்டில் சமையல் கணவர் பொறுப்பு. துணி துவைக்கவில்லை, கல்யாணம் எதற்கும் போகவில்லை. 18ஆம் தேதி மதியம் போய்ச் சேர்ந்தோம், ஒரு தொடக்கப் பள்ளி. இரவு பெஞ்சைச் சேர்த்துப் போட்டுப் படுத்தோம், மின்விசிறிக்கு அடியில் இருந்த இடத்தை எனக்குக் கொடுத்தார்கள். என் பணி விரலில் மை வைத்துப் பதிவேட்டில் கையெழுத்து வாங்குவது, உட்கார்ந்தே செய்யலாம். காலை ஏழு மணியிலிருந்து மாலை ஆறு வரை. குழுவில் இருந்தவர்களிடம் முதலிலேயே உண்மையைச் சொல்லிவிட்டேன். கூட்டம் குறைந்த மதிய நேரத்தில் இருபது நிமிடம் பக்கத்து அறையில் போய்ப் படுத்து வர விட்டார்கள். அந்த இருபது நிமிடம் இல்லையென்றால் மாலை வரை ஓட்டியிருக்க மாட்டேன். இயந்திரங்களுக்கு முத்திரை வைத்து, வண்டி வந்து, ஒப்படைத்து, வீடு வரும்போது நள்ளிரவு தாண்டிவிட்டது.

20ஆம் தேதி நன்றாக இருந்தேன். அவ்வளவு நன்றாக இருந்ததால், பரவாயில்லை, சரியாகிவிட்டது போலிருக்கிறது என்று துணி துவைக்க உட்கார்ந்தேன். மூன்று வருடம் காலண்டர் எழுதுகிறவளுக்கே அந்த நினைப்பு வருகிறது, பாருங்கள். அம்மா வாளியை வாங்கிக்கொண்டு போய்விட்டார். 21ஆம் தேதி காலையில் விழுந்தேன். ஐந்து நாள். 2021இல் ஒரு பரணைச் சுத்தம் செய்ததற்குப் பதினொரு நாள் கிடந்தேன், இப்போது இரண்டு நாள் தேர்தல் வேலைக்கு ஐந்து. அதனால் இதை நான் தோல்வியாக எடுத்துக்கொள்ளவில்லை.

12 மே 2024

இரண்டு திருத்தம் போட வேண்டியிருக்கிறது.

முதல் நாள் நான் 'நடக்காதே' என்று எழுதியதை வைத்துக்கொண்டு, காய்ச்சலுக்குப் பின் யாருமே உடற்பயிற்சி செய்யக் கூடாது என்று ஒருவர் இன்னொருவருக்குச் சொல்லியிருக்கிறார். நான் சொன்னது அதுவல்ல. உழைத்த மறுநாளோ மூன்றாம் நாளோ விழுகிறவர்களுக்கு மட்டும்தான் சொன்னேன். நெடுநாள் படுக்கையில் கிடந்து தசை இளைத்துப்போனவர்கள், நடந்தால் நாளுக்கு நாள் தேறுகிறவர்கள், தாராளமாகக் கூட்டிக்கொண்டே போகலாம், போகவும் வேண்டும். இங்கிலாந்தில் அரசு மருத்துவ வழிகாட்டுதலை வகுக்கிற அமைப்பு, நீடித்த சோர்வு நோய்க்குப் படிப்படியாக உடற்பயிற்சியைக் கூட்டுகிற சிகிச்சையை 2007இல் பரிந்துரைத்தது, அக்டோபர் 2021இல் அதைத் திரும்பப் பெற்றது. நோயாளிகள் பல வருடம் கத்தியதற்குக் கிடைத்த பலன் அது. ஆனால் அதுவும் அந்த நோய்க்காரர்களுக்குச் சொன்னதுதான், ஊருக்கெல்லாம் சொன்னதல்ல.

இரண்டாவது, ஒருவருக்குத் தனியாக எழுதிய பதிலில் 220இலிருந்து வயதைக் கழித்து, வருவதில் நூற்றுக்கு 60 எடுத்து, நாடி அதைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருந்தேன். எனக்கு அது 104. உண்மையில் நான் பாத்திரம் துலக்கினாலே 104 தாண்டுகிறது, சில நாள் 95இலேயே உடம்பு போதும் என்கிறது. அது ஒரு குத்துமதிப்பு, அவ்வளவுதான். பிரஷர் மாத்திரை சிலவற்றைச் சாப்பிடுகிறவர்களுக்கு நாடியே மெதுவாகத்தான் ஏறும், அவர்களுக்கு இந்தக் கணக்கு ஆகவே ஆகாது. இப்போது நான் நாடி பார்ப்பதைவிடக் கடிகாரம் பார்க்கிறேன். இருபது நிமிடம் வேலை, பத்து நிமிடம் படுக்கை. களைத்த பிறகு படுப்பதில்லை, களைக்கும் முன்பே படுக்கிறேன். நல்லா இருக்கும்போதே வேலையை நிறுத்துவது, அதுவும் மாவு பாதி அரைபட்டுக்கொண்டிருக்கும்போது நிறுத்துவது இன்னும் எனக்குக் கடினமாகத்தான் இருக்கிறது.

16 ஜூன் 2024

பள்ளி 10ஆம் தேதி திறந்தார்கள். இந்த வருடம் தலைமை ஆசிரியர் என் வகுப்புகள் எல்லாவற்றையும் தரைத்தளத்துக்கு மாற்றிக் கொடுத்திருக்கிறார். நான் கேட்டதுதான். மூன்று வருடம் கேட்கக் கூச்சப்பட்டேன், உட்கார்ந்து பாடம் எடுத்தால் என்ன நினைப்பார்கள் என்றும் கூச்சப்பட்டேன். இப்போது உயரமான ஸ்டூல் ஒன்று போட்டுக் கரும்பலகைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன். மேல் வரிசையில் எழுத வேண்டியதை ஒரு பையனோ பெண்ணோ வந்து எழுதுகிறார்கள். அதில் ஒரு நல்லது என்னவென்றால், சூத்திரத்தைத் தப்பாக எழுதினால் வகுப்பே கத்தித் திருத்துகிறது, முன்பு நான் எழுதியபோது யாரும் பார்த்தது கூட இல்லை.

முதல் வாரம் ஐந்து நாளும் போனேன். நேற்று ஆறு, இன்று ஐந்து என்று குறித்திருக்கிறேன். 'படுக்கை' இல்லை.

தம்பி, உன் ஆறு வாரக் கணக்கைப் பார்த்தேன். நீயே கண்டுபிடித்துவிட்டாய், இரவு ஷிஃப்டிலிருந்து பகலுக்கு மாறுகிற வாரம்தான் ஒவ்வொரு தடவையும் உன்னைச் சாய்க்கிறது. நடையைவிட அதுதான் பெரிதாகத் தெரிகிறது. மூன்று மாதத்துக்கு ஒரே ஷிஃப்ட் கேட்டுப் பார். வாயால் கேட்காதே, காலண்டரைப் போட்டோ எடுத்து மருத்துவர் கடிதத்தோடு கொடு. ஏப்ரலில் ஒன்பது நாள் படுக்கை, மே மாதம் ஐந்து நாள் என்று எழுதியிருக்கிறாய். அதையும் அதிலேயே பெரிய எழுத்தில் எழுதிக் கொடு. என்ன சொன்னார்கள் என்று வந்து எழுது.